கீழ்த்தளத்து பேட்டரிகள்

காலையில் கண் விழித்ததும் நான் முதலில் செய்வது, தரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பது. அடுகோடியில் பெரும்பாலும் தரை சில்லென்றுதான் இருக்கும். அப்படி இருந்தால் நிம்மதியாக எழுந்து பால் காய்ச்சப் போவேன். "பூமாதேவிக்கு வணக்கமா? பாஸ்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று என் கணவர் டேனியல் கிண்டல் செய்வார். காரணம் அவருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே மஞ்சுநாத்தின் பட்டறை. ஓடித் தேய்ந்த மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரிகளை வாங்கிப் பிரித்து, இன்னும் உயிருள்ள செல்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, வீட்டு யூபிஎஸ்களுக்கு விற்கிறார். தேறாதவை ஒரு மூலையில் குவிந்து கிடக்கும்; எது எப்போது சூடேறிப் பற்றும் என்று சொல்ல முடியாது. அந்த மூலைக்கு மேலேதான் என் மகள் ஜெனியின் கட்டில்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், "பயமாக இருந்தால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்பீர்கள். ஓசூரைத் தாண்டிக் கன்னட மண்ணுக்கு வந்து குடியேறியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். காவிரிப் பேச்சு எழும் மாதங்களில் பேருந்தில் குரலைத் தாழ்த்திக்கொள்பவர்கள் நாங்கள். இந்த வீடு கிடைக்கவே எத்தனை படி ஏறி இறங்கினோம்! இதில் பெரிய வேடிக்கை என் வேலை. பயன்படுத்தி முடித்த வாகன பேட்டரிகளை நாடு முழுவதும் எப்படிக் கையாள வேண்டும் என்ற கொள்கைக்கு வரைவு எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்குத் தன் படிக்கட்டுக்கு அடியில் வாயைத் திறக்கத் தைரியமில்லை.

நான் பிறந்தது ஆம்பூருக்கு அந்தப் பக்கம், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு ஊர். எங்கள் கிணற்று நீரில் மெல்ல மெல்ல ஒரு வாடை ஏறியது. பிறகு சோறு பொங்கினால் பழுப்பாக வந்தது. நியாயம் கேட்க அம்மா தெருக்காரர்களோடு தோல் தொழிற்கூடத்துக்குப் போனபோது அது கைமாறியிருந்தது. புது முதலாளி பழையவரைக் கைகாட்டினார். பழையவர் தனக்கு முன்னால் நடத்தியவரைக் கைகாட்டினார். கடைசியில் கதவுக்குப் பூட்டு விழுந்தது. வாடை மட்டும் போகவில்லை. அம்மா இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், குடிக்க கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு. பேட்டரியைத் தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வண்டி கைமாறி, பேட்டரி பிரிந்து, செல்கள் நாலு வீட்டுக்குப் போன பிறகு அது யாருடையது என்று குழுக் கூட்டத்தில் யாராவது கேட்டால் நான் குனிந்து காகிதங்களைப் புரட்டுவேன்.

ஆயுத பூஜையன்று மஞ்சுநாத் எங்களையும் அழைத்திருந்தார். பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர் முதல் தராசு வரை பொட்டு வைத்திருந்தார்கள். ஜெனிக்குக் கை நிறைய பொரி கொடுத்தார்கள். மூலையில் கிடந்த பேட்டரிகளையும் துடைத்து நடுவில் அடுக்கியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மேலே இருந்தது பூரி மாதிரி உப்பியிருந்தது. அதன் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அப்படி உப்பியதற்குள் எரியும் வாயு இருக்கும். பற்றினால் அணைத்த பிறகும் மறுபடி பற்றும். அத்தனையும் நானே வரைவில் எழுதியது. மஞ்சுநாத் கற்பூரத் தட்டை ஏற்றி அதை நோக்கிக் குனிந்தார்.

"ஐயோ, வேண்டாம்! கற்பூரம் காட்டாதீங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஜெனி பயந்து அழ ஆரம்பித்தாள். வேலையாட்கள் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்கள். மஞ்சுநாத்தின் முகம் இறுகியது.

"மேடம், உங்க தேவரு வேற, எங்க சாமி வேற. பிடிக்கலைன்னா மேல போய் இருங்க. உங்க கிறிஸ்மஸுக்கு மெழுகுவத்தி ஏத்தாதீங்கன்னு நாங்க சொன்னோமா?"

"சாமியச் சொல்லலைண்ணா. அந்த உப்பின பேட்டரியச் சொல்றேன். பக்கத்துல நெருப்புக் காட்டினா வெடிச்சிடும்."

"வருஷா வருஷம் காட்டறோம். ஏனு ஆகில்லா. ஒண்ணும் ஆகல."

வாசலில் நின்றவர்களில் யாரோ கன்னடத்தில் தமிழர்களைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்கள். டேனியல் என் கையை இறுகப் பிடித்து, "வா கிரேஸ், போயிடலாம்" என்றார். நெருப்புக்குப் பயந்ததைவிட அந்த முணுமுணுப்புக்கு நான் அதிகம் பயந்தேன். மஞ்சுநாத் அழும் குழந்தையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தட்டை வாசற்படிக்குக் கொண்டுபோய் அங்கிருந்தே காட்டினார்.

மறுநாள் பெட்டியில் மைசூர்பாகோடு அவரே மேலே வந்தார். "நேத்து கோபத்துல பேசிட்டேன் மேடம். மேல இருக்கிற பொம்பளை மனசுல பயம் இருந்தா கீழ தொழில் விளங்காது. தேறாததெல்லாம் நாளைக்கே லாரி ஏத்திடறேன்." ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். என் வரைவில் உள்ள வாக்கியத்தையும் நினைத்துக்கொண்டேன்: இவற்றை நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து அகற்றி, பயன்பாடின்றிக் கிடக்கும் தொழிற்கூடங்களில் வைக்க வேண்டும். குழுவில் எல்லோரும் தலையாட்டிய வாக்கியம் அது. அன்று எனக்கு நல்ல தூக்கம்.

லாரி வந்தபோது நான் ஜெனியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். உப்பியது, விரிசல் விட்டது, ஒழுகுவது எல்லாவற்றையும் ஏற்றித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் தமிழில் பேசவே, மனசு லேசாகி, "எங்கண்ணா போகுது?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கந்தான்க்கா. ஆம்பூர் தாண்டி ஆத்தோரம். மூடின தோல் ஷெட்டுங்க சும்மா கெடக்குது இல்ல? அங்கதான் இப்ப எல்லாம் எறங்குது. ஏன்னு கேக்க ஆளில்ல."

எந்த ஷெட் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மஞ்சுநாத் பட்டறைக்குள்ளிருந்து, "சந்தோஷமா மேடம்?" என்றார். காலியான மூலையைக் கழுவிவிட்டிருந்தார், ஈரம் மின்னியது. நிறுத்து என்றால் எல்லாம் மறுபடி என் பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் இறங்கும். போ என்றால் என் அம்மாவின் கிணற்றடிக்குப் போகும்.

"அக்கா, வழி விடுறீங்களா?" என்று ஓட்டுநர் இன்ஜினை முடுக்கினார். பின்னால் ஆட்டோக்காரர் கன்னடத்தில் கத்தினார். இருவர் சொன்னதும் எனக்கு நன்றாகவே புரிந்தது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றுதான் தெரியாமல் லாரிக்கு முன்னால் நின்றிருந்தேன்.