வெட்டி நீக்கிய தூண்

என் தோழியின் அப்பாமேல் நான் பொய்ப்பழி போட்டேன். அவர் அசையவில்லை. அசைந்தது என் கை.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவளிடம் இரண்டு வருடமாகச் சொல்லவில்லை...

அண்ணாகிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பைத் தாண்டியவள் நான். கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இப்போதும் உண்டு!

கல்லூரித் தோழி செல்விக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். படமெடுக்க நான்தான் போயிருந்தேன். விடியற்காலை முகூர்த்தம். கோயில் மண்டபத்தில் குத்துவிளக்குதான் வெளிச்சம்.

“எங்கப்பா எந்தப் படத்துலயும் முன்னால நிக்கமாட்டாருடி. தனியா ஒண்ணு நல்லா எடுத்துக் குடு” என்றாள்.

“ஃப்ளாஷ் போடும்மா, இருட்டா கெடக்கு” என்றார் அவளுடைய மாமா.

“ஃப்ளாஷ் போட்டா மூஞ்சி வெளுத்துடும் மாமா. எனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும்... எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். அதுவரை எதிரில் நிற்பவர் அசையக் கூடாது. கேமராவும் அசையக் கூடாது. அதற்குத்தான் ஸ்டாண்டு. அது பையிலேயே கிடந்தது. கையில் பிடித்தே எடுத்துக் காட்டுகிறேன் என்ற வீம்பு எனக்கு.

“மூச்சப் புடிச்சிக்கிட்டு நில்லுங்கப்பா.”

“கல்யாண வேலையில அது எப்பவோ நின்னுபோச்சு. நீ எடும்மா” என்றார் செல்வியின் அப்பா. பிறகு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

இருட்டில் கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை நான். கடலூரில் என் அறைக்கு வந்து கணினியில் திறந்தால்... முகம் இரண்டிரண்டாகக் கலங்கியிருந்தது. பக்கத்திலிருந்த கல்தூணும் அப்படியே. கல் அசையுமா?

அப்போதுதான் அதைச் செய்தேன். தூணையும் விளக்கையும் வெட்டி நீக்கி, அவரை மட்டும் வைத்து அனுப்பினேன்.

“உங்கப்பா ஆடிட்டாருடி, அதான்.”

“அவராவது, சும்மா நிக்கறதாவது!” என்று சிரித்தாள்.

ஏழே மாதத்தில் அவர் போய்விட்டார். கைகால் நடுங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது, மூளையில் கட்டி. காரியத்தன்று செல்வி அந்தப் படத்தை என் முன்னால் நீட்டினாள்.

“பாருடி... அன்னிக்கே அவரால நிக்க முடியல. ஒடம்பு ஆடியிருக்கு. நான் சேலை மடிப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போயிருந்தா...”

‘அவர் அசையல, என் கைதான்.’ நான்கே சொற்கள். வரவில்லை!

துக்கத்தில் இருப்பவளிடம் எதற்கு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை அதுவா? இல்லை. எனக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்காக, அப்பாவைக் கவனிக்காத மகள் என்று அவள் தன்னையே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என்ன மனுஷி நான்?

போன வாரம் என் அறைக்கு வந்தாள்.

“அதோட முழுப் படம் இருக்காடி? அப்பா எதையாவது புடிச்சிக்கிட்டு நின்னாரான்னு பாக்கணும்.”

“அந்த மெமரி கார்டே கெட்டுப்போயிடுச்சுடி.”

முழுப் படம் என் முதுகுக்குப் பின்னால், கணினிக்குள் இருந்தது.

“வுடுடி. நீ என்ன பண்ணுவ” என்று என்னைத் தேற்றிவிட்டு, தன் வீட்டுக்குப் போகக் குறிஞ்சிப்பாடி பேருந்தில் ஏறினாள். நான் கையசைத்தேன்.