அம்மா சொல்லாத பெயர்

என் பெயர் என் தாத்தாவின் பெயர். அப்பாவைப் பெற்றவர். அவருக்கு அது அவருடைய தாத்தாவிடமிருந்து வந்தது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். பேரன் என்றால் பெயரைத் தாங்குகிறவன் என்று தாத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது என் தலையில் கையை வைத்துக்கொள்வார். தன் வயலின் வரப்பைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்த புண்ணியவான்கள், நடுவில் ஒருத்தி மாட்டிக்கொள்வாளே என்று யோசிக்கவில்லை. எங்கள் வம்சத்தில் எந்த மூத்த மகனையும் பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாவை அவர் அம்மா கூப்பிட்டதில்லை. என்னை என் அம்மா கூப்பிட்டதில்லை.

பெயர் வைத்த அன்று, வந்தவர்கள் எல்லாம் குனிந்து என் காதில் மும்மூன்று முறை சொன்னார்களாம். என்னை மடியில் வைத்திருந்த அம்மா மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாளாம். அத்தை இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். எனக்கு ஒரு தடவையும் சிரிப்பு வந்ததில்லை.

எனக்கு அவள் வைத்த பெயர் ‘பெரியதம்பி’. கோபம் வந்தால் ‘இந்தாப்பா’. போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் கோயில் சாமிக்கும் தாத்தாவின் பெயர்தான். அதனால் சாமியும் அம்மா வாயில் நுழைய முடியவில்லை. சூடம் காட்டும்போது, “மாமா பேருக்காரவுங்களே, எம் புள்ளைங்களக் காப்பாத்துங்க” என்றுதான் கும்பிடுவாள். ரேஷன் கடையில் பிள்ளைகள் பெயரைக் கேட்டால், வரிசையில் பின்னால் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த அம்மாள் என் பெயரைச் சத்தமாகச் சொல்வாள். எவளோ ஒருத்திக்கு இருந்த உரிமை என்னைப் பெற்றவளுக்கு இல்லை.

தம்பியின் பெயர்க் கதை வேறு. அம்மாவுக்கு வலி எடுத்தது ஐப்பசி அடைமழையில். காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட மாட்டுவண்டி வழியிலேயே சேற்றில் இறங்கிவிட்டது. எதிரே கருக்களாச்சேரியிலிருந்து மீன் ஏற்றி வந்த வேன்காரர் இறங்கி வந்து பார்த்தார். பார்த்தவர் உடனே கூடைகளை எல்லாம் சாலையோரம் மழையில் இறக்கி வைத்துவிட்டு, ஈரச் சாக்கை விரித்து அம்மாவைப் படுக்கவைத்து வண்டியைத் திருப்பினார். அம்மா அந்த வலியிலும் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள். பிறந்த பிள்ளைக்கு அதையே வைக்கவேண்டும் என்றாள்.

“மீன்காரன் பேரா இந்த வீட்டுப் புள்ளைக்கு?” என்று தாத்தா குதித்தார். கதவுக்குப் பின்னால் நின்றே மாமனாரிடம் பேசுகிற அம்மா, அன்றைக்கு எதிரில் வந்து நின்றாளாம்.

“இந்தப் பேரயாவது நான் வாயாரக் கூப்புடுறேன், மாமா.”

தாத்தா எழுந்து வயலுக்குப் போய்விட்டார் என்று அத்தை சொல்வாள்.

வாயாரத்தான் கூப்பிட்டாள். பொழுது விடிந்தால் தம்பி பெயர், அடைந்தால் தம்பி பெயர். வாய்க்காலில் ஆட்டம் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் நனைந்து வந்து நின்றால், திட்டுகூட அவன் பெயரைச் சொல்லித்தான் விழும். என்னைப் பெயர் சொல்லித் திட்டினால் தாத்தாவைத் திட்டியதாக ஆகிவிடுமே. அந்தத் திட்டுக்காகவும் நான் ஏங்கியிருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பெற்றவள் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டே அறியாதவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

காலம் மாறிவிட்டது என்பதற்கு என் மனைவியே சாட்சி. கல்யாணமான புதிதில் கூடத்திலிருந்து என் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். தாத்தா போய் அப்போதே பல வருடம். “ஏம்மா, மாமா பேரும்மா அது. கொஞ்சம் மெதுவா கூப்புடு” என்றாள். படத்திலிருக்கும் தாத்தாவுக்குக் கேட்டுவிடப்போகிறது என்ற பயம். சொல்லிவிட்டு அவளே சிரித்தும்விட்டாள். எங்கள் மகனுக்கு எந்தத் தாத்தா பெயரும் வைக்கவில்லை. இன்னொருத்தியின் வாயைக் கட்டிப்போட எனக்கு மனமில்லை.

அப்பா போன பிறகு அம்மா ஊர் வீட்டில் தனியாக இருந்தாள். நான் இருப்பது பக்கத்திலேயே, தருமபுரத்தில். தம்பிக்குப் புதுச்சேரியில் வேலை. எத்தனை கூப்பிட்டும் வரமாட்டேன் என்றாள். தினமும் காலையில் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வண்டியில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, போன சித்திரையில் அவள் கொல்லையில் மயங்கி விழும்வரை.

உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பி ஓடி வந்தான். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், வயதானவர்களுக்கு நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற இளவயது டாக்டர் வந்து அம்மாவிடம் கேள்வி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் பெயர் என்ன? அம்மா பேசவில்லை. பெரிய பையன் பெயர்? பேசவில்லை. சின்னப் பையன் பெயர்? அதை மட்டும் பளிச்சென்று சொல்லியிருக்கிறாள்.

நான் திரும்பியபோது தம்பி வராந்தாவில் கண்கலங்கி நின்றான்.

“அம்மாவுக்கு அப்பா பேரே மறந்துபோச்சுண்ணே. ஒன் பேரும் தெரியல. இனிமே தனியா விடக் கூடாது. வீட்டப் பூட்டிட்டு நான் புதுச்சேரிக்கு அழச்சிட்டுப் போறேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “டேய், அப்பா பேர அம்மா என்னிக்குடா சொன்னாங்க? எம் பேர என்னிக்குடா சொன்னாங்க?”

அவன் விழித்தான். சத்தியமாக அவனுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து தன் பெயரைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன், என் பெயர் கேட்காததைக் கவனிக்க அவனுக்கு என்ன அவசியம்? பசித்தவனுக்குத்தானே பந்தியில் இலை விடுபட்டது தெரியும்.

“அதெல்லாம் அந்தக் காலம்ண்ணே. நெருப்புன்னா வாய் வெந்துடுமா? டாக்டர் கேக்குறாரு, சொன்னா என்ன? ஞாபகம் இல்லாமத்தான் சொல்லல.”

அம்மாவிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியதம்பி, எங்கயும் என்னை அனுப்பிடாத. நம்ம வீட்டுலயே கெடக்குறேன்.” ஒரு வார்த்தை, என் பெயர் ஒரே ஒரு தடவை, சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அவளிடம் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரைத் தேடிப் பிடித்தேன். நல்ல பையன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரி சார், நீங்க பேருங்களச் சொல்லுங்க. அவங்க ஆமாம் இல்லன்னு தலையாட்டினா போதும்” என்றார். என் பெயரைக் கண்டுபிடிக்கிற விளையாட்டை நானே நடத்தினேன். யார் யாருடைய பெயர்களையோ சொன்னேன். அம்மா எரிச்சலோடு இல்லை இல்லை என்று தலையாட்டினாள். நடுவில் என் பெயரைச் சொன்னேன். அவள் சட்டென்று கட்டிலிலிருந்து காலை இறக்கி, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து நின்றாள். செத்துப்போன மாமனார் வார்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

டாக்டர் சிரித்தேவிட்டார். “ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்கு” என்றார்.

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போனான். நான் ஜெயித்த மிதப்பில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை, மறக்கவேண்டியதைக்கூட மறக்காதவள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். தெருவில் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஆடி போனது, ஆவணி போனது. ஒருநாள் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. வாயில் வைக்க முடியவில்லை. “ஒடம்புல உப்பு கொறஞ்சிட்டுன்னாங்கல்ல, அதான்” என்றாள். நானும் சிரித்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை. வழக்கம்போல வண்டியை நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். அம்மா அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று முருங்கைக் கீரை ஒடித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முகம் மலர்ந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

முழுப் பெயர். தயக்கமில்லை, தடுமாற்றமில்லை. “வாடா, சாப்புட்டியா?” என்று அதோடு சேர்த்துக் கேட்டாள்.

நான் அசையவில்லை. பிள்ளைப் பிராயத்திலிருந்து இந்த ஒரு சத்தத்துக்காகக் காது ஏங்கியிருக்கிறது. கேட்டால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“என்னடா, மரம் மாதிரி நிக்கிற?” மறுபடியும் என் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகாத பெண்ணின் குரல்போல லேசாக இருந்தது. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. மாமனார் இல்லை, புருஷன் இல்லை, கதவுக்குப் பின்னால் நின்றது இல்லை. நான் நினைவில் இருக்கிறேன், இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அவளுக்கு நினைவில் இல்லை.

“சாப்புட்டேம்மா” என்றேன். கீரையை என் கையில் கொடுத்துவிட்டு, என் பெயரை இன்னொரு தடவை சொல்லி, “உள்ள கொண்டுபோய் வையி” என்றாள்.

கூடத்தில் தாத்தா படத்துக்குக் கீழே நின்று புதுச்சேரிக்குப் போன் செய்தேன். தம்பி எடுத்தான்.

“அம்மா எம் பேரச் சொல்லிட்டாங்கடா.”

ஆஸ்பத்திரியில் விழித்த தம்பி இல்லை இவன். என்ன சொல்கிறேன் என்று புரிந்துவிட்டது.

“இரு, கெளம்பி வர்றேண்ணே” என்றான். “வீட்டுச் சாவிய எடுத்து வச்சுடு.”