திருப்பித் தர முடியாத டிக்கெட்

செக் நாட்டின் பிர்னோ நகரத்து டிராம் டிப்போவில் யாருக்காவது வெளிநாட்டுக்கு ரயிலில் போக ஆசை வந்தால், நேரே மிலாதாவைத்தான் தேடிப் போவார்கள். அவளும் அங்கே டிராம் ஓட்டுகிறவள்தான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாப்பாட்டு அறையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பாள். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்டுவிடுவாள்:

"எப்ப போகணும்?"

"அடுத்த வாரம்."

"அப்ப வீட்டை வித்துட்டுப் போ. இல்லேன்னா இலையுதிர் காலத்துல போ, இப்பவே டிக்கெட் எடுத்துத் தரேன். பக்கத்து ஊருக்குப் போற செலவுல வெனிஸ் பாத்துட்டு வரலாம்."

சிலர் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பெரும்பாலானவர்கள் அவள் சொன்ன மாதத்துக்கே பயணத்தைத் தள்ளிவைப்பார்கள். எந்த வண்டிக்கு எப்போது முன்பதிவு திறக்கிறது, எந்த நாட்டின் இணையதளத்தில் எடுத்தால் மலிவு என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. டிக்கெட் எடுத்துக் கொடுத்ததற்கு யாராவது சாக்லேட் பெட்டி நீட்டினால் பிரித்து மேசைமேல் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுத் தின்னச் சொல்வாள்.

இப்படி ஒரு பழக்கம் அவளுக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. மிலாதா வளர்ந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் ஆஸ்திரிய எல்லை, நிலாவைப்போல எட்டாத இடத்தில் இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. போனவர் திரும்பாவிட்டால், மிச்சமிருக்கும் குடும்பம் பதில் சொல்ல வேண்டும்.

அவள் வீட்டில் அதுதான் நடந்தது. அண்ணன் லுபோர் அவளைவிடப் பத்து வயது பெரியவன். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். 1980-ஆம் வருஷம் யூகோஸ்லாவியக் கடற்கரைக்குத் தொழிற்சாலை ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குப் போனான். பேருந்து திரும்பி வந்தது, அவன் வரவில்லை. ரகசியப் போலீஸ் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அம்மாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கோடை முடிவதற்குள் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நலமாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

அந்த வருஷம்தான் மிலாதா பள்ளி இறுதித் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாள். பூகோள ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். கல்லூரியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியை ஒருத்தி தெருமுனையில் நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் விஷயம்தான்மா. அடுத்த வருஷமும் எழுதிப் போடாதே, வீணா மனசு ஒடஞ்சு போவே" என்றாள்.

டிராம் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. மிலாதா போய்ச் சேர்ந்தாள்.

அம்மா அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். "லுபோருக்கு இது தெரிய வேண்டாம். பாஷை தெரியாத ஊர்ல தனியாக் கெடக்கான். தெரிஞ்சா சாப்பாடு எறங்காது அவனுக்கு." மிலாதா சரி என்றாள். அம்மா இருக்கும்வரை அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். அம்மா போன பிறகும் காப்பாற்றினாள். அதற்குள் அது பழகிப்போயிருந்தது.

டிராம் வேலையை அவள் வெறுக்கவில்லை. பனி பெய்யும் காலையில் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறும்போது ஒரு பெருமிதம்கூட வரும். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அதே சுற்றுக்குள்தான் ஓட்டினாள்.

ஆட்சி மாறி எல்லை திறந்தபின், 1990 வசந்தத்தில் முதல் முறையாக வியன்னாவுக்கு ரயில் ஏறினாள். வறுத்த இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து, ஊறுகாய் வெள்ளரியும் கட்டி எடுத்துக்கொண்டாள். பெட்டி முழுக்க அதே வாசனைதான், பிர்னோவே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது. எல்லையில் ஒரு காவலர் வந்தார், கடவுச்சீட்டைத் திறந்து பார்த்தார், "நல்ல நாளா இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அவ்வளவுதான். மிலாதா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வியன்னாவில் ஒன்றும் வாங்கவில்லை. கடைகளைப் பார்த்துவிட்டு, பூங்கா பெஞ்சில் ரொட்டியைத் தின்றுவிட்டு, மாலை வண்டியில் திரும்பினாள். அன்றிலிருந்து வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஓர் ஓட்டுநரின் சம்பளத்தில் அந்தப் பரிசு அடிக்கடி கிடைக்காது. முன்கூட்டியே எடுத்தால் கிடைக்கும் சலுகை டிக்கெட்டுகள் வந்தபிறகுதான் அது கைக்கு எட்டியது. இணையத்தில் எடுக்கவும் கற்றுக்கொண்டாள்.

லுபோரும் எல்லை திறந்ததும் வந்தான். ஜெர்மன் மனைவி கெசீனாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, காபிப் பொட்டலமும் சாக்லேட்டுமாக வந்து இறங்கினான். தெருவே கூடிவிட்டது. அம்மா அவன் கையை விடவே இல்லை. அந்தச் சந்தோஷத்தின் நடுவில் யார் பழைய கணக்கைப் பேசுவார்கள்?

பிறகு வருஷங்கள் ஓடின. லுபோர் ஹாம்பர்க் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றான். அறுபத்தைந்தாவது பிறந்தநாள் மே மாதத்தில் வந்தது. மிலாதா குளிர்காலத்திலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள். புதாபெஸ்டிலிருந்து பிர்னோ வழியாக ஹாம்பர்க்வரை போகும் நேர்வண்டி. சன்னலோர இருக்கை, எல்பே ஆறு தெரியும் பக்கம். அண்ணனுக்கு ஃபோன் பண்ணி வண்டியின் பெயரையும் சேரும் நேரத்தையும் சொன்னாள்.

"விமானத்துல வந்தா காலையில ஏறி மத்தியானம் இறங்கிடலாமே" என்றான் லுபோர்.

"விமானத்துல எல்லை தெரியாதே" என்றாள் அவள்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுபோர் ஃபோனில் வந்தான். பிறந்தநாள் விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில், அவளை வீட்டுச் செல்லப்பெயரால் கூப்பிட்டு, "எங்க நண்பர்கள்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன், மிலுஷ்கா. நம்ம வீட்டுல நீதான் கெட்டிக்காரி. ஆனா உனக்கு ஒரு வேகம் இல்லாமப் போச்சு. கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா படிச்சிருக்கலாம். டிராம்லயே உக்காந்துட்டே" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் முப்பத்தேழு வருஷம் மூடியிருந்தது ஒரு நொடியில் திறந்துகொண்டது.

"வேகமா? நீ ஓடினே பாரு, அதுல என் வேகமும் சேர்ந்து போயிடுச்சு. உன்னாலதான் எனக்கு இடம் தரல. அம்மாவுக்குத் தெரியும், ஸ்கூலுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்!"

மறுமுனையில் லுபோர் ஃபோனை வைத்துவிட்டான். மறுநாள் கூப்பிடவில்லை, அடுத்த வாரமும் இல்லை. மிலாதாவும் கூப்பிடவில்லை. சொன்னதை நினைத்தால் கூசியது, சொல்லாமல் போன வருஷங்களை நினைத்தால் எரிந்தது.

பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்று ரயில் நிலையத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது சலுகை டிக்கெட்டும்மா. திருப்பித் தர முடியாது."

"வேற நாளுக்கு?"

"முடியாது. இந்த நாள், இந்த வண்டி."

"வேற யாராவது என் பேர்ல போனா?"

"அதுவும் முடியாது. ஒண்ணு நீங்க போகணும், இல்ல அந்த சீட்டு காலியாப் போகும்."

இதையே எத்தனை பேருக்கு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறாள் மிலாதா! அன்று மதியம் டிப்போவில் தோழி ஹெத்விகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஹெத்விகா அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

"ஏண்டி, டிக்கெட் ஹாம்பர்க்குக்குத்தானே எடுத்தே? உங்க அண்ணன் வீட்டுக்குன்னு அதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? போ. கப்பலைப் பாரு, மீன் பொரிச்சதைச் சாப்பிடு, எவனாவது நல்லா இருந்தா அவனையும் பாரு. மனசு வந்தா அண்ணனைப் போய்ப் பாரு. வரலேன்னா திரும்பி வா. சீட்டைக் காலியா அனுப்பினே, இனிமே நீ யாருக்கும் டிக்கெட் எடுத்துத் தர அருகதையில்ல, ஆமா!"

மிலாதா சிரித்துவிட்டாள். ஹாம்பர்க் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவான விடுதி ஒன்றில் அறை பேசிக்கொண்டு, குறித்த நாளில் கிளம்பினாள்.

ப்ராக் தாண்டியதும் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போய் உட்கார்ந்தாள். ஹங்கேரிக்காரப் பரிமாறுநர் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, இந்த வளைவுல சூப்பு தானா நடந்து போகும்" என்று அரைகுறை செக்கில் சொன்னான். எல்பே ஆறு கூடவே வந்தது. எல்லையை எப்போது கடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, நிலையத்தின் பெயர்ப்பலகை ஜெர்மனில் வந்தபோதுதான் கவனித்தாள். அவள் அண்ணன் எந்தக் காட்டில், எந்த இருட்டில் அந்தப் பக்கம் போனானோ, ஒருநாளும் கேட்டதில்லையே என்று அப்போது தோன்றியது. அவன் தன்னைக் கேட்கவில்லை என்று எரிந்துகொண்டிருந்தாள். அவளும்தான் கேட்கவில்லை.

ஹாம்பர்க்கில் இறங்கியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடையில் நாலடி வைத்திருப்பாள், தூணோரம் லுபோர் நின்றிருந்தான். இளைத்திருந்தான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"எப்படித் தெரியும் நான் வருவேன்னு?" என்றாள்.

"வண்டியும் நேரமும் நீயேதானே சொன்னே. சலுகை டிக்கெட்டை நீயாவது, வீணாக்குறதாவது." சிரிக்க முயன்றான். "என்மேல இருக்கிற கோவத்தைவிட அது உனக்குப் பெரிசா இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டே நின்னேன்."

அவள் விடுதி பற்றிச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. "சரி, அங்கயே தங்கு. ஆனா முதல்ல எங்கயாவது உக்காரலாம். எனக்கு எல்லாம் தெரியணும். அம்மா சொல்லாததும், நீ சொல்லாததும்."

ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். மிலாதா சொன்னாள். வீட்டுக்கு வந்த ஆட்களை, கல்லூரியை, தெருமுனையில் நின்ற ஆசிரியையை. அவள் சொல்லி முடித்ததும், "மன்னிச்சுடுன்னு கேட்டா ரொம்பச் சின்னதா இருக்கும்" என்றான்.

"கேளு அண்ணா. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

கேட்டான். பிறகு அவள், "நீ எப்படிப் போனே?" என்று கேட்டாள். ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மாரிபோர் என்ற யூகோஸ்லாவிய ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்கள் ஏறிய குன்றுகள் வழியாக, காலணியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்ததையும், ஒரு நாய் குரைத்தபோது வாய்க்காலில் படுத்துக் கிடந்ததையும் லுபோர் சொன்னான். கெசீனாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லையாம்.

விடுதி அறைக்கு அவள் போகவே இல்லை. லுபோரின் வீட்டு வாசலில் கெசீனா அவளைக் கட்டிக்கொண்டு, அவனிடம் கற்ற செக்கில், "இவர் மூணு வாரமாத் தூங்கல. இனிமேலாவது என்னைத் தூங்க விடுவார்" என்றாள். விருந்தன்று லுபோர் கோப்பையைத் தூக்கிப்பிடித்து, "இது என் தங்கச்சி. நான் இங்க வந்து சேர்ந்ததுக்கு விலை கொடுத்தது இவதான்" என்று ஜெர்மனில் சொன்னான். கெசீனா மொழிபெயர்த்தபோது மிலாதாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் அவள் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டே இருந்தார்.

பிர்னோ திரும்பியதும் ரயில் நிலையத்துக்குப் போய், அந்தக் கவுன்ட்டர்ப் பெண்ணிடம் பொரித்த பாதாம் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"எதுக்கு?" என்றாள் அவள், நினைவில்லாமல்.

"நீங்க டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கலையே, அதுக்கு."

அந்தப் பெண் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். பொட்டலத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் லுபோர் ஃபோன் செய்தான். "மிலுஷ்கா, அந்த மலிவு டிக்கெட் எப்படி எடுக்கிறதுன்னு சொல்லிக் கொடு. நான் லுப்லியானா போகணும். மாரிபோர் வழியா. நீயும் வரணும்."

இருவரும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களில் இரண்டு கணினிகளின்முன் உட்கார்ந்து எடுத்தார்கள். லுபோர் முதல் தடவை பிறந்த தேதியைத் தப்பாக அடித்தான், இரண்டாம் தடவை திரும்பும் நாளை. "பாரந்தூக்கியை எல்லாம் எப்படித்தான் சரிபண்ணினியோ" என்று மிலாதா அவனைக் கிண்டல் செய்தாள்.

செப்டம்பரில் வியன்னாவில் சேர்ந்துகொண்டு தெற்கே போனார்கள். மலைகள் தாழ்ந்து திராட்சைத் தோட்டங்கள் வந்தன. எல்லை நிலையத்தில் வண்டி சிறிது நேரம் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் லுபோர்.

"அவ்வளவுதான் அண்ணா."

அவன் சன்னலில் நெற்றியை வைத்துக் குன்றுகளையே பார்த்தான். மிலாதா அவன் தோளில் கைவைத்தாள். நெஞ்சு நிறைந்து நன்றி பொங்கியது. யாருக்கு என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அண்ணனை அன்று காட்டிக்கொடுக்காமல் விட்ட இருட்டுக்கு, வண்டி ஓட்டுகிற முகம் தெரியாத ஆளுக்கு, இதையெல்லாம் ஒரு டிராம்காரி சம்பளத்தில் பார்க்கவைத்த காலத்துக்கு, எல்லாவற்றுக்கும்தான்.

லுப்லியானாவில் மழை. விடுதி எந்தப் பக்கம் என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. லுபோர் சொன்ன பக்கம் போய் வழி தவறி, அவள் சொன்ன பக்கம் திரும்பினார்கள். வழியில் அவன் அவளுடைய பெட்டியையும் வாங்கிக்கொண்டான்.