உதடு முன்னே, குரல் பின்னே

என் அக்கா புருஷன் எரோல் ஹிங்ஸ்டனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் அவனால் சும்மா விட முடியாது. புதிதாக வாங்கிய டோஸ்டரில் ஒரு துண்டு ரொட்டிகூடப் போடாமல் அதைக் கழற்றி மேசைமேல் பரப்பிவிட்டு, "உள்ள என்னதான் வெச்சிருக்கான்னு பாக்க வேணாமா?" என்று கேட்கிற ஆள். என் அக்கா க்ளெனிஸைக் கட்டிக்கொண்ட அன்று, விருந்தில் மைக் கரகரத்தது என்று கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடைக்கு அடியில் புகுந்தான். கேக் வெட்டுகிற நேரத்துக்குத்தான் வெளியே வந்தான். முழங்காலெல்லாம் தூசியோடு அவன் நிற்கிற போட்டோ இன்னும் அவர்கள் வீட்டு நடையில் தொங்குகிறது. துத்தநாக ஆலையில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றான். ஆலைக்கு நிம்மதி. எங்களுக்குத்தான் தலைவலி ஆரம்பித்தது.

எங்கள் ஊர் ஹோபார்ட்டில் குப்பைக் கிடங்கு வாசலிலேயே ஒரு கடை இருக்கிறது. ஊரார் தூக்கிப் போட்டதில் உருப்படியானதைப் பொறுக்கி வைத்து விற்பார்கள். சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காத எரோல் அந்தக் கடைக்கு வாரம் தவறாமல் போவான். அங்கேதான் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரைப் பிடித்தான். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதை டிவிக்குக் கீழே வைத்து, வயரைச் செருகி, "இனிமே படம், பாட்டு, போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான். சீடிய எல்லாம் தூக்கிப் போடு" என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் டிவி பார்ப்பது ஒரு சடங்கு. முதலில் டிவியைப் போட வேண்டும். பத்து எண்ண வேண்டும். அப்புறம்தான் பெட்டியைப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். சில நாள் படம் வரும், சத்தம் வராது. இன்னும் சில நாள் ஆட்கள் எல்லாரும் நொண்டி நொண்டி நடப்பார்கள். எரோல் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே நிமிஷம்" என்பான். அதற்குள் நான் இரண்டு கப் டீ குடித்து முடித்திருப்பேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்திருக்கலாம். க்ளெனிஸின் காது மட்டும் நன்றாக இருந்திருந்தால்.

எங்கள் அப்பா வழியில் வருகிற கோளாறு அது. அக்காவுக்கு நாற்பதில் ஆரம்பித்தது. பள்ளிக்கூட கேண்டீனில் வேலை பார்த்தபோதே பிள்ளைகளின் உதட்டைப் பார்த்து எது வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவாள். காதுக்கருவியில் கொஞ்சம், உதட்டில் மீதி, இரண்டையும் சேர்த்துத்தான் அவளுக்குப் பேச்சு. டிவியில் ஃபுட்டி என்கிற எங்கள் ஊர்க் கால்பந்தாட்டம் நடக்கும்போது, கோபத்தில் ஆட்டக்காரன் என்ன கெட்ட வார்த்தை சொன்னான் என்பதை அவளைக் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். போன மார்ச்சில் காது டாக்டர் உடைத்துச் சொல்லிவிட்டார். மிச்சமிருப்பதும் போய்க்கொண்டிருக்கிறது. நரம்பே பழுது, ஆபரேஷனுக்கு வழியில்லை. கிறிஸ்துமஸ்வரை காது கேட்டால் பெரிய விஷயம் என்றார்.

அவர்களுக்கு இருப்பது ஒரே பெண், டேகன். டீசல் மெக்கானிக். அப்பன் புத்தி அப்படியே இறங்கியிருக்கிறது. ஜனவரியில் கப்பலேறி அண்டார்டிகா நிலையத்துக்கு வேலைக்குப் போனவள். குளிர்காலம் பூராவும் அங்கேதான், திரும்பும் கப்பல் நவம்பரில்தான். போனில் பேசினால் க்ளெனிஸுக்கு உதடு தெரியாது. நேரடி வீடியோவில் பேசினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதனால் டேகன் வாராவாரம் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்திப் பேசி, வீடியோவாக அனுப்புவாள். எரோல் அதைப் பெட்டியில் இறக்கிப் பெரிய திரையில் போடுவான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் நிகழ்ச்சி. அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மத்தவங்க குரல் போனாப் போகட்டும் கோரல். டேகன் குரல மட்டும் காது இருக்கிறவரைக்கும் நல்லாக் கேட்டுக்கிறேன்."

ஏப்ரலில் க்ளெனிஸுக்குப் புதுக் காதுக்கருவி வந்தது. கூடவே தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதை டிவியின் பின்னால் செருகிவிட்டால், சத்தம் வயர் இல்லாமல் நேராக அவள் காதுக்கே போகும். அறையில் வருகிற ஸ்பீக்கர் சத்தம் அவளுக்கு அப்போதே எட்டாமல் போயிருந்தது. இதில் எட்டியது. முதல் ஞாயிறே முகத்தைச் சுளித்தாள்.

"குரல் வருது. ஆனா வாயோட சேரல. வாய் ஒண்ணு சொல்லுது, காது வேற சொல்லுது. இவ டேகனே இல்ல, யாரோ பின்னாடி நின்னு பேசுற மாதிரி இருக்கு."

எரோலின் கண் பளிச்சென்று ஆனது. பழுது என்று கேட்டால் அவனுக்குப் பண்டிகை. "சவுண்டு பிந்துது. அவ்வளவுதானே? பெட்டியில அதுக்கு செட்டிங் இருக்கு. முன்ன தள்ளலாம், பின்ன தள்ளலாம். ஒரு அமுக்குக்கு நொடியில நாப்பதுல ஒரு பங்கு நகரும்" என்றான். யாரோ ஒருவன் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று கை தட்டிக்கொண்டே இருக்கிற வீடியோ ஒன்றை எங்கிருந்தோ இறக்கினான். சோதித்துப் பார்ப்பதற்கென்றே எடுத்ததாம். அதைப் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் குந்தினான்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு க்ளென். நல்லாப் பாரு. தட்டுறான், வருது. தட்டுறான், வருது."

"தட்டுறான். அப்புறம் வருது" என்றாள் அக்கா.

"அப்புறம் எங்க வருது? கூடவேதானே வருது!"

"உனக்குக் கூட வருது. எனக்கு அப்புறம் வருது. சரி, விடு."

அவனா விடுவான்? மே மாதம் முழுக்க வயரை மாற்றினான். ஜூனில் பெட்டிக்குள் விசிறியை மாற்றினான். சத்தத்துக்கும் விசிறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சூடானா எல்லாமே மெதுவாகும், மச்சினி, உனக்கு அதெல்லாம் புரியாது" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓய்வுபெற்ற ஆண்கள் கூடுகிற பட்டறைக்குப் போனான். அங்கே நான்கு கிழவர்கள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கைதட்டுகிறவனைப் பார்த்து, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவன், "பொம்பளைங்களுக்கு எதுவும் கொஞ்சம் லேட்டாத்தான்பா ஏறும்" என்றானாம். அதை எரோல் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னான். அந்தக் கிழவனின் வீட்டு விலாசத்தைக் கேட்டேன். தரவில்லை.

ஜூலையில்தான் அந்தப் பாவத்தைச் செய்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பெட்டியைத் துடைத்து எடுத்தான். படங்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தான், பாட்டுகளையும் எடுத்து வைத்திருந்தான். டேகனின் வீடியோக்களை எடுத்து வைத்தோமா இல்லையா என்று அழித்த பிறகுதான் யோசித்தான். ஜனவரியிலிருந்து அவள் அனுப்பியது அத்தனையும் போயிற்று. பழைய கருவியில், அறை ஸ்பீக்கரில், வாயும் குரலும் சேர்ந்து க்ளெனிஸ் நன்றாகக் கேட்ட வீடியோக்களும் அதில்தான் இருந்தன. அவள் அனுப்புகிற வீடியோ இணையத்தில் பத்து நாள்தான் கிடக்கும். டேகனும் இடம் போதாது என்று தன் பக்கம் அழித்திருந்தாள்.

க்ளெனிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். "பரவால்ல எரோல், நல்லதுக்குத்தானே பண்ணின" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அவன் தன் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிடப் போனேன். வேலை மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாவம் என்றுதான் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, எங்கள் பக்கம் கடுங்குளிர் காலம். மலைமேல் பனி விழுந்து காற்று எலும்பைக் குடைந்தது. ஆட்டுத்தொடை வறுவல் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். டேகனின் புது வீடியோ வந்திருந்தது. எரோல் டிவியைப் போட்டு, பத்து எண்ணி, பெட்டியைப் போட்டான். டேகன் திரையில் வந்தாள். மூக்கு நுனி சிவந்து, தலையில் கம்பளித் தொப்பி. எனக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்டது. க்ளெனிஸ் அரை நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, தூங்குறியா?"

"இல்ல. வாயப் பாத்தாக் கொழப்புது. கண்ண மூடிக்கிட்டா குரலாவது கேக்குது. என்ன சொல்றான்னுதான் புரியல."

நான்கு மாதமாகப் பெற்ற பெண்ணை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் எங்களுக்குத் தெரியாமல்! எரோல் பக்கம் திரும்பினேன்.

"ஏம்ப்பா எரோல், நாலு மாசமா அவ சொல்லிக்கிட்டே இருக்கா. ஒரு தடவையாவது அவ காதுல கேக்குறத நீ கேட்டியா?"

"அவ காதுல நான் எப்படிக் கேக்குறது?"

"அக்கா, அந்தக் கருவியக் கழட்டிக் குடு."

"சீ, அடுத்தவங்க பல்செட்ட வாயில வெக்கிற மாதிரி. அழுக்கா இருக்கும்டி."

"இருந்துட்டுப் போகட்டும். குடு."

கழற்றிக் கொடுத்தாள். பாவாடையில் துடைத்துக் காதோரம் பிடித்தேன். எரோலை ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன். அறை அமைதியானது. கருவியில் இருந்து டேகனின் குரல் மெல்லிசாக வந்தது. திரையில் அவள் வாயை மூடிவிட்டாள், கடைசி வார்த்தை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. மறுபடியும் பார்த்தேன். உதடு முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது. அக்கா சொன்னது அப்படியே நிஜம்.

கருவியை எரோல் கையில் வைத்தேன். அவனும் காதில் வைத்துப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று.

"பெட்டி இல்ல" என்றான். "பெட்டியில ஒண்ணுமே இல்ல. காதுக்கு அனுப்புதே இந்தச் சின்னது, இதுதான் வழியில நேரம் எடுத்துக்குது. நான் ஸ்பீக்கரக் கேட்டுக்கேட்டுல்ல சரி பண்ணிட்டிருந்தேன்." கருவியை அக்காவிடம் நீட்டினான். "அப்ப அழிச்சது எல்லாம் சும்மாவா?"

க்ளெனிஸ் கருவியை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, அவன் என்ன சொன்னான் என்று என்னைக் கேட்டாள். உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "பைத்தியக்காரா" என்று அவன் முழங்காலைத் தட்டினாள்.

அன்று முதல் முறையாக எரோல் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தான். கைதட்டுகிறவனைப் போட்டுவிட்டு, "இந்தப் பட்டன அமுக்கிக்கிட்டே வா. கையும் சத்தமும் எப்பச் சேருதோ அப்ப நிறுத்து. நான் வாயத் தொறக்கல" என்றான். அவள் ஒவ்வொன்றாக அமுக்கினாள். அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். ஏழு, எட்டு, ஒன்பது. ஒரு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

"ஆங். தட்டுறான், வருது" என்றாள்.

ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. குரலை அவளுக்காக முன்னால் தள்ளியதால் அறை ஸ்பீக்கரில் சத்தம் வாயை முந்திக்கொண்டு ஓடியது. எங்களுக்குச் சகிக்கவில்லை. எரோல் யோசிக்கவே இல்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டான். "நமக்கு எதுக்கு? அவ கேட்டுச் சொல்லட்டும்."

டேகனை முதலிலிருந்து போட்டான். எங்களுக்கு ஊமைப்படம். டேகன் வாய் அசைகிறது, கையை ஆட்டுகிறாள், எதையோ காட்டிச் சிரிக்கிறாள். நானும் எரோலும் திரையைப் பார்க்கவில்லை, க்ளெனிஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் புருவம் சுருங்கியது. அப்புறம் மெதுவாக விரிந்தது. "அவதான்" என்றாள். "டேகன்தான் பேசுறா." கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கக்கூட இல்லை. "ஜெனரேட்டர் நின்னு போச்சாம் எரோல், இவதான் சரி பண்ணினாளாம். சமையல்காரன் இவளுக்குன்னு தனியா கேக் செஞ்சு குடுத்தானாம்." எரோல் மூக்கைச் சிந்தினான். எனக்கோ, அடடா, நான்கு மாதம் பாழாய்ப் போயிற்றே என்று ஒரு பக்கம், கடைசியில் கிடைத்துவிட்டதே என்று ஒரு பக்கம்.

க்ளெனிஸ் திரையை நோக்கிக் குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"எரோல், கொஞ்சம் சத்தத்தக் கூட்டேன். மெதுவாப் பேசுறா."

எரோல் ரிமோட்டை எடுத்தான். அமுக்கினான். திரையின் ஓரத்தில் பெட்டியின் சத்த அளவைக் காட்டுகிற கோடு வந்தது. அது கடைசிவரை நிரம்பியிருந்தது. எழுந்து போய்க் காதுக்கு அனுப்புகிற சின்னப் பெட்டியைப் பார்த்தான். அதிலும் திருகு முழுசாகத் திரும்பியிருந்தது. அங்கே நின்றபடியே என்னைப் பார்த்தான். முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவன், கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் என்னைப் பார்க்கிறான். நான் என்ன செய்ய? ஒன்றும் செய்வதற்கில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பார்க்கும்படி ரிமோட்டை டிவியை நோக்கி நீட்டி, இரண்டு முறை அமுக்கினான்.

"கூட்டிட்டேன்" என்று உதட்டை அசைத்துச் சொன்னான். "இப்பக் கேக்குதா?"

க்ளெனிஸ் அவன் உதட்டைப் படித்துவிட்டு மறுபடி டேகன் பக்கம் திரும்பினாள்.

"ம், இப்பப் பரவால்ல" என்றாள்.