வேலிக்கு மட்டும் ஒரே உண்மை: உரும்பிராய் வழியாக வல்வெட்டித்துறைக்கு

இறையியல் கல்லூரியொன்றில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தார். போதகர் பயிற்சியில் பின்நவீனத்துவத்தைப் பாடமாக வைக்கலாமா? மாணவர்களை யாழ்ப்பாணத்துக்குக் களப்பணிக்கு அனுப்பப்போகிறார்களாம், அதற்கும் வழி சொல்லவேண்டுமாம். இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்: 1994 மாசியில் நான் சைக்கிளில் போன முப்பது கிலோமீற்றர். இத்தனை வருடம் கழிந்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு மாணவன். வார இறுதிகளில் வல்வெட்டித்துறைக்கு அருகே ஒரு சின்னச் செபவீட்டைப் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்த போதகர் கொழும்புக்குப் போய்த் திரும்பமுடியாமல் நின்றுவிட்டதால் முத்திரையும் என் கையில்தான். அந்த முத்திரைக்கு ஊரில் பெரிய மதிப்பு. யாரையாவது படையினர் பிடித்துப்போனால், அவர்களைத் தேடித்தரும் தொண்டு நிறுவன அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். "இவரை நான் அறிவேன், இவர் செய்யும் தொழில் இது" என்று கிராம அலுவலரான விதானையாரோ மதகுருவோ எழுதவேண்டும். அலுவலகத்தில் வெளிநாட்டார் இருந்தார்கள். போதகர் சொன்னால் எடுபடும் என்று சைவக் குடும்பங்களும் எங்களிடம் வருவது வழக்கம்.

தங்கமலர் அக்கா அப்படித்தான் வந்தார். மகன் ரவிக்குப் பத்தொன்பது வயது. கரையோரம் மீன்பிடிக்கப் போனவனையும், கூடப்போன செல்வத்தையும் கடற்படை பிடித்துப்போயிருந்தது. நான் எழுதிக்கொடுத்தேன். என்ன எழுதினேன் தெரியுமா? "இவர் மீன்பிடித் தொழிலாளி என்பது தாயாரின் கூற்று. எந்தக் கூற்றும் சொல்பவரின் நிலையிலிருந்து எழும் கதையாடலே என்பதால், இதை முடிந்த உண்மையாக உறுதிப்படுத்த இயலாது."

சிரிக்காதீர்கள். அந்தத் தவணை, வெளிநாட்டில் படித்துவந்த விரிவுரையாளர் ஒருவர் எங்களுக்குப் பின்நவீனத்துவம் எடுத்தார். உண்மை என்று ஒன்றில்லை, கதையாடல்கள்தான் உண்டு. "எனக்குத் தெரியும்" என்று சொல்வதே அதிகாரம் என்பார். களப்பணி அறிக்கையில் அந்தச் சொற்கள் வந்தால் சிவப்பு மையால் வெட்டுவார். வகுப்பில் எனக்குத்தான் அதிகூடிய புள்ளி. கடிதம் மூன்று கிழமையில் திரும்பிவந்தது. சாட்சியே சந்தேகப்படுகிறார் என்று ஒரு துண்டும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்பட்டேன். பெற்றோல் இல்லாத காலம், எல்லாருக்கும் சைக்கிள்தான். எட்டுக் கிலோமீற்றரில் உரும்பிராய். போய்ச் சேர ஆறே முக்கால். விரிவுரையாளரின் வீடு அங்கேதான். கடிதத்தை எப்படித் திருத்துவது என்று அவரிடமே கேட்கப் போன என் புத்தியை என்ன சொல்ல!

வளவுக்குள் பக்கத்து வீட்டுக்காரருடன் அவருக்குப் பெருஞ்சண்டை. புதிதாக அடைத்த வேலி அரையடி உள்ளே வந்துவிட்டதாம். கையில் காணி உறுதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"உறுதியிலை தெளிவாக் கிடக்கு. இது என்ரை காணி. இதிலை கதைக்க ஒண்டுமில்லை!"

மற்றவர் தன் பக்கத்தைச் சொல்ல வாயெடுத்தார். இவர் காதில் வாங்கவேயில்லை, அளக்கிறவருக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது என்றார். பிறகு என் கடிதத்தை வாங்கி வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர். ஒண்டும் திருத்தத் தேவையில்லை. அவன் மீன்பிடிக்கப் போனவன் எண்டதும் ஒரு கதையாடல்தானே?"

"சேர், அவன் மறியலிலை அடைபட்டுக் கிடக்கிறான்."

"அது வேறை விசயம். நாங்கள் முடிஞ்ச உண்மை எண்டு கதைக்கக்கூடாது."

அரையடி வேலிக்கு உறுதி வேண்டும், அளவுகோல் வேண்டும். ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு மட்டும் உண்மை கிடையாதா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கவேண்டும். "வாறன் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தூரில் சில்லுக்குக் காற்றுப் போனது. ஒட்டுப்போட ஐந்து ரூபா. ஒட்டியவர், "வல்லைவெளியிலை எதிர்க்காத்து. இறங்கி உருட்டுங்கோ, அதுதான் சுகம்" என்றார். மரமில்லாத வெட்டை அது, உருட்டத்தான் வேண்டியிருந்தது. உருட்டும்போதுதான் எனக்கு வெட்கம் பிடித்தது. ரவியின் வள்ளத்தில் நானே போயிருக்கிறேன். அலைக்குத் தலைசுற்றிச் சத்தியெடுத்துக் கிடந்த என்னைப் பார்த்துச் சிரித்து, மணக்கச் சொல்லித் தேசிக்காய் தந்தவன் அவன். அவன் வலை இழுத்ததை என் கண்ணால் கண்டேன். தாயாரின் கூற்றாம்!

பத்தேகாலுக்கு வல்வெட்டித்துறை. தங்கமலர் அக்கா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே இருந்து எழுதினேன்: "ரவியை நான் அறிவேன். அவனுடைய வள்ளத்தில் போயிருக்கிறேன். அவன் மீன்பிடித்ததை நேரில் கண்டேன்." முத்திரை குத்தி வாசித்துக் காட்டினேன்.

"உது உங்களுக்கு அப்பவே தெரியுந்தானே, தம்பி?"

"ஓம் அக்கா."

"செல்வம் போன கிழமை வந்திட்டான். விதானையார் ரண்டே ரண்டு வரிதான் எழுதிக் குடுத்தவர்."

அவர் ஏசியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை, பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

புதிய கடிதத்தை அலுவலகம் உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் வீணாய்ப்போன அந்த மூன்று கிழமைக்குள் ரவியைத் தெற்கே வேறு மறியலுக்கு மாற்றிவிட்டார்கள். பதினொரு மாதம் கழித்துத்தான் வந்தான். வலது கையால் வலை இழுக்க முடியவில்லை.

பின்நவீனத்துவத்தைப் படிப்பிக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் சொல்லும் பெருங்கதைக்குள் தங்கமலர் அக்காவின் பேச்சு அமுங்கிப்போகிறது என்று காட்டவந்த சிந்தனை அது. அதையே எடுத்து அவருடைய வாயை அடைக்கப் பாவித்தோமே, அதுதான் என் ஆத்திரம். வானொலி சொல்வதையும் படைத்தரப்பு சொல்வதையும் சந்தேகிக்கத் துணிவில்லாமல் ஒரு தாயைச் சந்தேகித்தோம். அதற்குப் புள்ளியும் வாங்கினோம்.

இனி வழி. வல்லைவெளியைக் காலை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். மாணவரை அனுப்பமுன் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்: கண்ணால் கண்ட ஒன்றை "நான் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பேனா தயங்கினால் அவரைக் கல்லூரியிலேயே வைத்திருங்கள். அங்கே அவரால் யாருடைய பிள்ளைக்கும் கேடு வராது.