பெரியம்மா கொடுத்த மூன்று நாள்

பிள்ளைகளா, உங்கள் அம்மா திடீரென்று முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டி, ஃபேனைக் கூட்டச் சொன்னதற்கு நேற்று சிரித்தீர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஸ்ரீரங்கத்தில் இருந்த பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற சமயம். உடம்பெல்லாம் எரிகிறது என்று அழுதாராம். குமாஸ்தாவான பெரியப்பா டாக்டரை அழைத்து வந்தார். மேஜை ஃபேனும் வாங்கிப் போட்டார். கூடமாட ஒத்தாசைக்கு மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா போனாள். கடைக்குட்டி நானும் ஒட்டிக்கொண்டேன். ஃபேனைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மாவுக்கு யாரும் ஓலை விசிறிகூட வீசியதில்லை.

"உனக்கு இன்னும் நிக்கலையாடி?" என்றார் பெரியம்மா.

"நின்னு எத்தனையோ மாசமாச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா அந்த மூணு நாளும் போயிடுமே."

விலக்கானால் எங்கள் வீட்டில் பெண்கள் கொல்லைக் கொட்டகையில் ஒதுங்கி இருக்க வேண்டும். அடுப்படியும் கிடையாது, காட்டு வேலையும் கிடையாது. அம்மாவுக்கு இருந்த ஓய்வே அவ்வளவுதான்.

"உடம்பு எரியலையா?"

"வெயில்ல களையெடுக்கிறவளுக்கு எது வெயில், எது உடம்புன்னு எப்படிக்கா தெரியும்? முட்டிதான் பிடிச்சுக்குது."

பெரியம்மா முகம் சுண்டிவிட்டது. "கெட்டிக்காரிடி நீ. நான் வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சேன். இனி மாசம் பூரா எனக்கு அடுப்படிதான். இந்த ஃபேனை நீ எடுத்துக்க, அந்த மூணு நாளை எனக்குக் குடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாளே அப்பா வந்து நின்றார். "கடலை பிடுங்கணும். கிளம்பு."

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், கொட்டகை பறிபோய்விடும். பெரியம்மா அப்பா பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படித் தம்பி கூட்டிட்டுப் போவீங்க? காலையிலதான் வீட்டுக்குத் தூரமாயிட்டா. பஸ்ல நாலு பேர் மேல படுமே. மூணு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

அப்பா முனகிக்கொண்டே போனார். அக்காளும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்குப் புரியவில்லை. அம்மா ஃபேனுக்கு நேரே பாயை விரித்துப் படுத்தாள். நான் நெருங்கினால், "தொடாதடா" என்றாள். பெரியம்மாவோடு மட்டும் ஓயாத பேச்சு. என் அம்மாவை அவர் பறித்துக்கொண்டார் என்றே குமைந்தேன்.

மத்தியானம் அம்மா கிணற்றடிக்குப் போனதும், தொடக்கூடாத அந்தப் பாயில் போய்க் குப்புற விழுந்தேன். அவ்வளவு காற்றிலும் அம்மா படுத்த இடம் சொதசொதவென்று நனைந்திருந்தது. செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, என் சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டேன்.