கை கால்ல ஒரு கொறையுமில்ல

பன்னிரண்டாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் போட்டோம். கொட்டகையில் கொட்டை நீக்கப் புளி தட்டும் ஒரு பெண் சட்டென்று எழுந்து ஆடுகிறாள். ஆட ஆடச் சுவர்கள் விலகிப் போகின்றன. அந்தப் பெண் நான்தான்.

"நீ நடிக்கவே வேணாம்டி, தட்டுறது உனக்குத் தெரிஞ்சதுதானே" என்று பாட்டெழுதிய டீச்சர் சிரித்தார். உண்மைதான். பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டில் பங்குனி முழுக்கப் புளியைத் தவிர வேறெதற்கும் இடமிருக்காது. எழுந்து ஆடத்தான் தெரியாமல் இருந்தது. அதையும் கற்றுக்கொண்டேன்.

சென்னையில் நடனம் படிக்கிற கல்லூரி இருக்கிறது, சேர்த்துவிடுகிறேன் என்றார் டீச்சர். அப்பாவிடம் கேட்டேன். "விழாவுல பாத்துட்டு சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

விழாவுக்கு அப்பா வந்தார். மாரண்டஹள்ளியிலிருந்து தூரத்துச் சொந்தமான ஒரு அம்மாளும் அவர் மகனும் கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆடினேன். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. அப்பா பார்க்கிறார் என்பதே மறந்துபோயிற்று.

இறங்கி வந்ததும் அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "பொண்ணு பாக்கப் போனா நாலடி நடக்கச் சொல்லித்தான் பாப்போம். இங்க ஆடியே காட்டிடுச்சுங்க. கை கால்ல ஒரு கொறையுமில்ல. எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க."

நொண்டியா என்று பார்க்கத்தான் எங்கள் பக்கம் நடக்கச் சொல்வார்கள். அந்தச் சோதனையை நானே சலங்கை கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"காலேஜுப்பா?" என்றேன்.

"அங்க போயிக் கேட்டுக்க. அவங்க படிக்க வெப்பாங்க."

டீச்சர் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார். காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம்.

படிக்க வைக்கவில்லை. இந்த வீட்டிலும் புளி வந்து இறங்குகிறது. மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து தட்டும்போது, என்னையறியாமல் அந்தப் பாட்டுக்குக் கால் அசையும்.

"காலாட்டாதம்மா, வூட்டுக்கு ஆகாது" என்பார் அவர். அன்று முன்வரிசையிலிருந்து பார்த்துப் பிடித்துப்போன அதே கால்தான். மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகிறது.